மூன்று சத வில்லை: கொட்டாஞ்சேனைக் கடையொன்றின் போர்க்காலச் சில்லறை

நாணயம் சேர்ப்பவர்களிடம் "போர்க்கால அவசரச் சில்லறை" என்று சொல்லி எதை வேண்டுமானாலும் விற்றுவிடலாம். துளை போட்ட ஒரு பித்தளைத் துண்டு, அதில் ஏதோ ஓர் எழுத்து, ஓர் இலக்கம். இவ்வளவும் இருந்தால் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு விலை, இணையத்தில் அதைப்போல மூன்று மடங்கு. விசாரித்துப் போனால் பெரும்பாலானவை சாப்பாட்டுக்கடைப் பரிசாரகரின் கணக்குத் துண்டாகவோ, சைக்கிள் காப்பகத்து அடையாளமாகவோ, ஆலைத் தொழிலாளியின் இலக்கத் தகடாகவோதான் இருக்கும். ஆகவே இந்தப் பெட்டி என்னிடம் வந்ததும், உள்ளே இருப்பது காசு அல்ல என்று நிரூபிக்க முடியுமா என்றுதான் முதலில் பார்த்தேன்.

பிஸ்கட் வந்த தகரப்பெட்டி அது. உரியவர் வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு மாமி. அவருடைய தகப்பன் கொட்டாஞ்சேனையில், துறைமுகப் பக்கம் இறங்கும் தெருவொன்றில், தேத்தண்ணிக்கடையும் பலசரக்கும் சேர்த்து நடத்தியவர். புங்குடுதீவிலிருந்து வந்து கொழும்பில் கடை போட்ட எத்தனையோ பேரில் ஒருவர். கடை 1983 ஜூலையில் போய்விட்டது. பெட்டி அதற்கு முன்பே ஊருக்குப் போயிருந்ததால் தப்பியது. பிறகு ஊரே இடம்பெயர்ந்தபோது இன்னொரு வீடு, அங்கிருந்து மறுபடி கொழும்பு. இத்தனை கை மாறிய பெட்டியில் இருப்பதெல்லாம் ஒரே காலத்துப் பொருள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. திறந்தவுடனே அதற்குச் சாட்சியும் கிடைத்தது: மேலே கிடந்தது 1963ஆம் ஆண்டின் அலுமினிய ஒரு சதம்.

அதற்குக் கீழே இருந்தவை இவை. 1940ஆம் ஆண்டும் 1943ஆம் ஆண்டும் போட்ட ஒரு சதச் செம்புக் காசுகள் கொஞ்சம். சதுரமான ஐந்து சதங்கள். 1942ஆம் ஆண்டின் ஐந்து சதத் தாள் ஒன்று முழுதாக, இன்னொன்று பாதியாக. 19 சதம் என்று போட்ட ஒரு பெரிய செம்பு வில்லை. ஒரு கணக்குக் கொப்பி, அட்டை இல்லாமல். அப்புறம் சிறிய பித்தளை வில்லைகள் 25. குடும்பத்தார் கேட்டது இந்த வில்லைகளைப் பற்றித்தான். "சண்டை நேரம் அப்பா சில்லறைக்குப் பதிலா இதைத்தான் குடுத்தவர்" என்பது மாமியின் நினைவு. 1942இல் அவருக்கு ஐந்து வயது. அவருடைய தம்பி மறுத்தார். பரிசாரகப் பெடியள் மேசைக் கணக்குக்கு வைத்திருந்தது என்பது அவர் கட்சி. அவர் பிறந்தது போருக்குப் பிறகு. ஆனால் கடையில் நின்றவர் அவர்தான், மாமி அல்ல. இரண்டு பேர் பேச்சையும் லேசாகத் தள்ள முடியாது.

வில்லைகள் எல்லாம் கையால் செய்தவை. தகட்டிலிருந்து வெட்டி, துளையிட்டு, விளிம்பை அரத்தால் ராவியிருக்கிறது. ஒரு பக்கம் உளியால் கீறிய "மு" என்ற எழுத்து. கடைக்காரரின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்கும், கொப்பியின் பக்கத் தலைப்புகளிலும் அதே எழுத்து இருக்கிறது. மறுபக்கம் இரும்பு அச்சால் அடித்த இலக்கம். 3 என்ற அச்சின் கீழ் வளைவில் ஒரு சிறு உடைவு உண்டு, 3 போட்ட 14 வில்லையிலும் அந்த உடைவு அப்படியே விழுந்திருக்கிறது. ஒரே அச்சு, ஏறக்குறைய ஒரே கை. 2 போட்டவை 9. 5 போட்டவை இரண்டே இரண்டு. அவற்றின் தகடு தடிப்பானது, எழுத்தும் வேறு கையால் கீறியது.

இலக்கங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது தம்பியின் கட்சி ஆட்டம் கண்டது. மேசை இலக்கம் என்றால் 1 எங்கே? 4, 6, 7 எங்கே? பரிசாரகரின் இலக்கம் என்றாலும் அதே கேள்விதான். இருப்பது 2, 3, 5 மட்டும், அதிலும் மூன்று கூடுதல். இலங்கையில் மூன்று சத நாணயம் என்று ஒன்று கிடையாது. அப்படியிருக்க ஒரு கடைக்காரர் மெனக்கெட்டு ஏன் மூன்றை அடிக்கவேண்டும்?

1942இல் கொழும்பின் சில்லறை

பதில் அதே பெட்டியிலிருந்த தாளில் இருந்தது. 1942ஆம் ஆண்டின் ஐந்து சதத் தாள் உலக நாணய வரலாற்றிலேயே ஒரு விசித்திரம். ஒரு பக்கம் மட்டும் அச்சு. முத்திரை போலப் பக்கத்தில் பக்கமாக இரண்டு பகுதி, ஒன்று இரண்டு சதம், மற்றது மூன்று சதம், நடுவே கிழிப்பதற்கு வசதியாகத் துளை வரிசை. முழுதாகக் கொடுத்தால் ஐந்து. கிழித்தால் இரண்டும் மூன்றும். அரசாங்கமே அச்சடித்து, அரசாங்கமே "கிழித்துக்கொள்" என்று சொன்ன காசு. பெட்டியில் பாதியாகக் கிடந்தது மூன்று சதப் பகுதி.

அந்த நிலைக்கு வந்த காரணம் தெரிந்ததுதான். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். பர்மா அரிசி நின்றது, பங்கீடு வந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஒரு பக்கம் சனம் ஊரை விட்டு ஓடியது, மறுபக்கம் ஆஸ்திரேலியப் படைப்பிரிவுகளும் கிழக்கு ஆபிரிக்கப் படைப்பிரிவும் கடற்படையாட்களுமாக நகரம் நிறைந்தது. துறைமுகத்தில் இரவு பகலாக வேலை, வாரக்கூலி. நாட்டில் நாணயசாலை இல்லை, காசு கப்பலில்தான் வரவேண்டும், கப்பலுக்கோ வேறு வேலை. செம்பும் நிக்கலும் வெடிகுண்டுக்கும் தோட்டாவுக்கும் போயின. வெண்கலத்தில் சேரும் வெள்ளீயம் மலாயாவோடு போயிற்று. காசின் தேவை ஏறிய அதே மாதங்களில் காசின் வரத்து சுருங்கியது.

அரசாங்கம் இரண்டு வழியில் சமாளித்தது. ஒன்று தாள்: 1942இல் 5, 10, 25, 50 சதங்களுக்குத் தாள் வந்தது. மற்றது உலோகத்தைக் குறைப்பது. பெட்டியிலிருந்த ஒரு சதங்களைத் தராசில் வைத்தால் இது கண்முன்னே தெரியும். 1940ஆம் ஆண்டுக் காசு 4.7 கிராம் வரும், 1943ஆம் ஆண்டுக் காசு அதில் பாதிதான். வெள்ளியாயிருந்த 50 சதம் 1943இல் நிக்கல் பித்தளைக்கு இறங்கியது. 25 சதம் 1943இலும், பூவிதழ் விளிம்போடு 10 சதமும் புதிதாக இரண்டு சதமும் 1944இலும் அதே நிக்கல் பித்தளையில் வந்தன.

இது முதல் தடவையும் அல்ல. முதலாம் உலகப்போரில் வெள்ளி விலை ஏறியபோது, 1917இல், இலங்கை முதன்முதலாக ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. இந்தியாவிலும் அதே ஆண்டுதான் ஒரு ரூபாய்த் தாள். 1919இல் இலங்கை வெள்ளிச் சில்லறையில் வெள்ளியின் பங்கு ஆயிரத்துக்கு 800இலிருந்து 550க்கு இறங்கியது. பெரியவர்களின் பெட்டியில் "மங்கின வெள்ளி" என்று ஒதுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் இந்தக் காசுகள்.

இரண்டாம் போரில் இந்தியாவும் இதே பாடுதான் பட்டது. 1943இல் வந்த ஒரு பைசா நடுவில் பெரிய ஓட்டை, உலோகம் மிச்சம். அது போதாமல் பிக்கானேர், ஜுனாகத், மோர்வி போன்ற சமஸ்தானங்கள் அட்டைத் துண்டுகளில் சில்லறைக் கூப்பன் அடித்தன. எல்லா இடத்திலும் சில்லறையில் ஒரே ஓட்டை, அடைத்த பொருள்தான் வேறு.

வணிகர் அடித்த காசு என்றால் என்ன

வில்லை ஒன்றைப் போர்க்காலச் சில்லறை என்று ஏற்க நான் வைக்கும் அளவுகோல் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலிருந்து வருகிறது. காரணம், வணிகர் வில்லை முழுப் பொருளாதாரத்தையும் தாங்கியதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

1861 முடிவில் அங்கே வங்கிகள் தங்கம் வெள்ளி கொடுப்பதை நிறுத்தின. 1862 கோடைக்குள் வெள்ளிச் சில்லறை காணாமற்போனது, பிறகு ஒரு சென்ட் காசும். சனங்கள் தபால் முத்திரையைக் காசாகக் கொடுத்தார்கள். வியர்வையில் ஒட்டி நாசமாகிற முத்திரைக்கு ஜோன் கோல்ட் என்பவர் மைக்கா மூடி போட்ட பித்தளைக் கூடு ஒன்றைக் காப்புரிமை எடுத்தார், கூட்டின் பின்பக்கத்தை விளம்பரத்துக்கு விற்றார். கெட்டிக்காரர். அரசாங்கமும் முத்திரைப் படத்தோடு சில்லறைத் தாள் அடித்தது. இதற்கிடையில் வணிகர்கள் தாங்களே ஒரு சென்ட் அளவில், 19 மில்லிமீட்டர் விட்டத்தில், செம்பு வில்லை அடிக்கத் தொடங்கினார்கள். 1863இல் அது வெள்ளமாகியது. ஒரு பக்கம் கடையின் பெயர், மறுபக்கம் அரச காசைப் போலவே தலை. சிலவற்றில் "ஒரு சென்ட்" என்று பெரிதாகப் போட்டு, மேலே கண்ணில் படாத பொடி எழுத்தில் "அல்ல" என்று சேர்த்திருப்பார்கள். வழக்கு வந்தால் தப்பிக்க.

நியூயோர்க்கில் குஸ்டாவஸ் லின்டன்முல்லர் என்ற மதுக்கடைக்காரர் பத்து லட்சம் வில்லை வரை இறக்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தேர்ட் அவென்யூ ரயில்பாதைக் கம்பனி பயணிகளிடம் அவற்றை வாங்கிச் சேர்த்து, மாற்றித் தரும்படி அவரிடம் போனபோது அவர் கையை விரித்துவிட்டார். அதன் பின்னர் 1864 ஏப்ரல் 22இல் எடை குறைந்த வெண்கல ஒரு சென்ட் வந்தது, ஜூன் 8இல் தனியார் காசு அடிப்பது தடைசெய்யப்பட்டது. தண்டம் 3000 டொலர் வரை, சிறை ஐந்து ஆண்டு வரை. எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. கடைக்காரரின் மெலிந்த செம்பைச் சனம் மறுக்காமல் வாங்குகிறது என்று கண்ட பிறகே அரசாங்கம் தன் காசையும் மெலிய விட்டது. தான் தடைசெய்த கடைக்காரனிடமே பாடம் படித்தது.

ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. வில்லையின் பெறுமதி அன்றைய சில்லறையில் உண்மையில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கிறதா? அடித்தவரைத் தவிர இன்னொருவரும் அதை வாங்கினாரா? திரும்பக் கொண்டுபோனால் அடித்தவர் மாற்றிக் கொடுத்தாரா? முதலாவதுக்கு வில்லையே பதில் சொல்லும். மற்ற இரண்டுக்கும் எழுத்து வேண்டும். அந்த எழுத்து அநேகமாக எங்கும் மிஞ்சுவதில்லை. இங்கே மிஞ்சியிருந்தது.

கொப்பி

கொப்பி 1942இன் நடுப்பகுதியில் தொடங்கி 1945 ஆரம்பத்தில் முடிகிறது. கடன் கணக்குத்தான். பெயருக்குப் பதிலாக அடையாளங்கள் அதிகம்: "கிரேன்காரர்", "படகு மூத்தவர்", "கோயிலடி". முதல் சில பக்கங்களில் சில்லறைத் தட்டுப்பாட்டைச் சமாளித்த முறை வெறும் வரவுதான். ஐந்து சதம் கொடுத்து இரண்டு சதத்துக்கு ஏதாவது வாங்கியவர் பேரில் "3 இருக்கு" என்று எழுதியிருக்கிறது. பக்கம் பக்கமாக இந்த மூன்று. எனக்கு வாசிக்கவே அலுத்தது, எழுதியவருக்கு எப்படி இருந்திருக்கும்.

இங்கேதான் தாளின் குறைபாடும் தெரிகிறது. ஐந்து சதத் தாளோடு வந்தவருக்குக் கிழித்து மூன்றைத் திருப்பிக் கொடுக்கலாம். சதுர ஐந்து சதக் காசோடு வந்தவருக்கு எதைக் கிழிப்பது? கிழித்த பாதியும் எத்தனை நாளைக்கு? மூட்டை தூக்குகிறவரின் மடியில், வேர்வையில், ஒருபக்க அச்சுத் தாள் என்ன பாடு படும் என்பதைப் பெட்டியில் இருந்த பாதியே காட்டுகிறது. இலக்கத்தைக் கண்ணாடி வைத்துத்தான் வாசித்தேன்.

சில பக்கங்கள் தாண்டியதும் "3 இருக்கு" என்ற எழுத்து குறைகிறது. அந்த இடத்தில் "வி 3 கொடுத்தது", "வி 2 கொடுத்தது" என்று வரத் தொடங்குகிறது. வி என்றால் வில்லை. எதிர்ப் பத்தியில் "வி 3 வந்தது". பரிசாரகரின் கணக்கு என்றால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் வாடிக்கையாளர் அடையாளம் ஏன் இருக்கப்போகிறது? இதைக் காட்டியதும் தம்பி கொஞ்ச நேரம் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அப்ப நான் கண்டது பிறகு மிஞ்சினதைப் பெடியளுக்குக் குடுத்ததாயிருக்கும்" என்றார். இருக்கலாம். வில்லையின் துளைகள் சிலவற்றில் கயிறு உராய்ந்த தேய்மானம் உண்டு, சிலவற்றில் இல்லை. ஆணியில் கோத்துப் பிற்காலத்தில் வேறு வேலைக்குப் பயன்பட்டிருந்தால் இரண்டு பேர் நினைவும் சரிதான்.

அடுத்த பத்தாவது பக்கம் அளவில் இருக்கும் ஒரு வரிதான் எனக்கு இந்த முழுப் பெட்டியிலும் பெறுமதியானது. "வெத்திலைக்கடை. வி 3, 14 வந்தது. 42. நோட்டு 1 கொடுத்தது, 58 அவர் பேரில்."

ஒரு வரிக்குள் எத்தனை விசயம். பக்கத்து வெற்றிலைக்கடைக்காரர் "மு" வில்லைகளைத் தன் வாடிக்கையாளரிடம் காசாக வாங்கியிருக்கிறார். வாங்கியதோடு நிற்காமல் சேர்த்து வைத்து, மாற்றித் தரச் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறார். இவர் மறுக்கவில்லை. மூன்று சதப்படி 14 வில்லைக்கு 42 சதம். ஆனால் அந்த 42 சதத்தைச் சில்லறையாகக் கொடுக்கச் சில்லறை இருந்திருந்தால் வில்லையே தேவைப்பட்டிருக்காதே! ஆகவே ஒரு ரூபாய்த் தாளை முழுதாகக் கொடுத்து, மிச்சம் 58 சதத்தை வெற்றிலைக்கடையின் கடனாக எழுதிக்கொண்டார். லின்டன்முல்லரின் ஒரு மில்லியன் வில்லை தேறாத சோதனையில் கொட்டாஞ்சேனையின் 14 வில்லை தேறியிருக்கிறது.

அதே போல இன்னும் இரண்டு மூன்று வரிகள் வெற்றிலைக்கடைக்கு உண்டு, ஒரு வரி சலூனுக்கு. அதற்கு மேல் வில்லை தூரம் போனதற்குச் சான்று இல்லை. ஒரு தெரு, அதுவும் ஒரு பக்கம்தான் என்று வைத்துக்கொள்ளலாம். "மு" யார் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் அது காசு, செட்டியார் தெருவுக்குப் போனால் பித்தளை.

முடிவும் கொப்பியிலேயே தெரிகிறது. 1944ஆம் ஆண்டின் இரண்டு சதக் காசு புழக்கத்துக்கு வந்தபின் "வி 2 கொடுத்தது" என்ற வரி நின்றுபோகிறது, "வி 2 வந்தது" மட்டும் சில காலம் ஓடுகிறது. அரச காசு வந்ததும் தன் வில்லையைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறார். மூன்று மட்டும் இன்னும் சில மாதம் கொடுபடுகிறது, அதன் பின் அதுவும் இல்லை. வந்தவற்றையும் போனவற்றையும் கூட்டிக் கழித்தால் கொஞ்சம் வில்லை கடைக்குத் திரும்பவே இல்லை. மாமியின் சிறுவயதுத் தோழிகள் சிலவற்றைப் பாண்டி விளையாடக் கொண்டுபோனதை அவரே ஒத்துக்கொள்கிறார்.

இன்றைக்குக் கொழும்புக் கடைகளில் மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி தருகிறார்களே, அதையும் இதையும் ஒன்றாகப் பேசுபவர்கள் உண்டு. அடுத்த நாள் அதே டொபியைக் கொண்டுபோய் அதே கடையில் கொடுத்துப் பாருங்கள், வாங்கமாட்டார்கள். "மு" வில்லையை வாங்கினார்கள்.

ஒத்துவராத பொருட்கள்

19 சத வில்லைக்கும் போருக்கும் சம்பந்தம் இல்லை. அது கோப்பிக் காலத்தது. ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனி, வேகந்த ஆலை. கொம்பனித்தெருப் பக்கம் இருந்த அந்த ஆலையில் கோப்பி தெரிவு செய்யும் வேலைக்குக் கூலியாகக் கொடுத்து, பிறகு காசாக மாற்றிக்கொண்ட வில்லை. 19 என்ற விசித்திர எண்ணைக் கண்டுதான் "அவசரக் காசு" என்று ஆட்கள் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் விசித்திரம் போய்விடும்: ரூபாய் இரண்டு சிலிங்காக, அதாவது 24 பென்ஸாக, எண்ணப்பட்ட காலத்தில் நாலரைப் பென்ஸ் கூலி பதினெட்டே முக்கால் சதம். அதை முழு எண்ணாக்கினால் 19. இலங்கை 1872இல் ரூபாய் சதத்துக்கு மாறியபின் பழைய பென்ஸ் கூலியைச் சதத்தில் சொன்ன விதம் இது. 1869இல் கண்ட இலை நோய் கோப்பியைத் தின்று தீர்த்தபின் இந்த வில்லைகளுக்கும் வேலை போயிற்று. போர்க்காலத்துக்கு அரை நூற்றாண்டு முன்பே செத்த காசு.

கூலி வில்லையும் சில்லறை வில்லையும் ஒன்றல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். கூலி வில்லை முதலாளியிடமிருந்து வேலையாளுக்குப் போய் முதலாளியிடமே திரும்பும். இடையில் மூன்றாவது ஆள் தேவையில்லை. விற்பவர்கள் இந்த இரண்டையும் ஒரே தட்டில் போடுவது அறியாமையாலா வியாபாரத்தாலா என்பதை வாங்குபவர் முடிவுசெய்துகொள்ளட்டும். இந்தப் பெட்டியைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒரு வியாபாரி 19 சத வில்லையை "1942 கொழும்பு" என்று சீட்டு ஒட்டி வைக்கச் சொன்னார், விலை கூடுமாம்.

5 போட்ட இரண்டு வில்லைகளையும் நான் இந்தத் தொகுதியிலிருந்து பிரித்துவிட்டேன். அச்சு வேறு, தகடு வேறு, கொப்பியில் "வி 5" என்று ஒரு வரிகூட இல்லை. ஐந்து சதத்துக்குக் காசும் இருந்தது, தாளும் இருந்தது, வில்லைக்கு என்ன தேவை? தம்பி சொன்ன மேசைக் கணக்குத் துண்டு இவையாக இருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

மதிப்பீடு

2, 3 போட்ட 23 வில்லைகளையும் 1942க்கும் 1945க்கும் இடையில் கொட்டாஞ்சேனைக் கடையொன்று வெளியிட்டு, பக்கத்துக் கடைகளிலும் செல்லுபடியாகி, பணமாக மீட்கப்பட்ட சில்லறை வில்லைகள் என்று பதிவுசெய்திருக்கிறேன். இந்த நம்பிக்கை முழுதும் கொப்பியில் தங்கியிருக்கிறது. கொப்பி இல்லாமல் இதே வில்லைகள் என் மேசைக்கு வந்திருந்தால், மூன்று என்ற எண்ணை வைத்துச் "சாத்தியம்" என்பதற்கு மேல் ஒரு சொல் எழுதியிருக்கமாட்டேன். பெட்டியின் மற்றப் பொருட்கள் பிற்காலத்தில் கலந்தவை என்பதால், தாளோடு ஒன்றாகக் கிடந்தது என்பதற்கு நான் எந்த மதிப்பும் கொடுக்கவில்லை.

மாமிக்கு இதில் ஒரு பயம் இருந்தது. "அப்பா காசு அடிச்சவர் எண்டு மட்டும் எழுதிப் போடாத தம்பி" என்றார். கள்ளக்காசு என்பது அரச காசைப் போலச் செய்து ஏமாற்றுவது. இதில் மன்னர் தலையும் இல்லை, சதம் என்ற சொல்லும் இல்லை, தன் பெயரின் எழுத்தைத்தான் போட்டிருக்கிறார் என்று விளக்கியபின் சம்மதித்தார். கடையின் பெயரையும் தெருவின் பெயரையும் விட்டு எழுதுவது அவர் கேட்டுக்கொண்டபடி.

வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டாக வில்லைகளைப் பிரித்துக் கொடுக்கும் யோசனை வீட்டில் இருந்தது. 5 போட்ட இரண்டையும் 1963ஆம் ஆண்டின் ஒரு சதத்தையும் என்ன செய்தாலும் சரி, மற்ற 23ஐயும் கொப்பியோடு ஒன்றாக வைக்கும்படி சொன்னேன். பிராசோ போட்டுத் தேய்க்கவேண்டாம் என்றும் சொன்னேன். மூன்று ஏற்கனவே பளபளவென்று தேய்க்கப்பட்டு, உளிக் கீறல் பாதி அழிந்துபோயிருக்கிறது. கொப்பியின் எல்லாப் பக்கங்களும் இப்போது படமெடுக்கப்பட்டுவிட்டன. பேரப்பிள்ளைகளுக்கு வெற்றிலைக்கடை வரியின் படம் போயிருக்கிறது. அதிலிருந்த எண்களைப் பார்த்து ரொறொன்ரோவிலிருந்து ஒரு பேத்தி கேட்ட முதல் கேள்வி, அந்த 58 சதத்தை வெற்றிலைக்கடைக்காரர் திருப்பிக் கொடுத்தாரா என்பது. கொடுத்திருக்கிறார். நாலு பக்கம் தள்ளி வரவு வைத்திருக்கிறது, அதில் ஒன்பது சதம் மறுபடியும் வில்லையாக.